“நம்ம தோட்டம் என்ன ஃபேக்டரியா?”

கேள்வி: கோபிசெட்டிபாளையம் பக்கம் எங்களுக்கு 9 ஏக்கர் தோட்டம். மஞ்சள், கரும்பு, கொஞ்சம் நெல். அப்பா, நான், அக்கா குடும்பம் எல்லோரும் சேர்ந்து பார்க்கிறோம். வேலை கூடும்போது உள்ளூர் ஆட்கள் நாலைந்து பேர் தினக்கூலிக்கு வருவார்கள். போன மாதம் பூச்சிமருந்து அடித்துக்கொண்டிருந்தவர் வாந்தி எடுத்து மயங்கி விழுந்துவிட்டார். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார், பத்து நாள் வேலைக்கு வரவில்லை. இப்போது நலம். செலவை நாங்களே பார்த்தோம். “நம்ம தோட்டம் என்ன ஃபேக்டரியா? இதுக்கெல்லாம் சட்டம் கிடையாது” என்கிறார் அப்பா. அக்கா மகன்கள் இருவரும் (13, 16 வயது) லீவு நாட்களில் டிராக்டர் வேலையில் ஒத்தாசை செய்கிறார்கள். அதிலும் சிக்கல் உண்டா?
– வாசகர், ஈரோடு மாவட்டம்

பதில்: உங்கள் அப்பா சொல்வதில் பாதி சரி. தொழிற்சாலைச் சட்டம் உங்கள் தோட்டத்துக்குப் பொருந்தாது. ஆனால் விபத்து இழப்பீட்டுச் சட்டம் வேறு. அது ஏக்கர் கணக்கைப் பார்க்காது, ஆள் செய்த வேலையைத்தான் பார்க்கும். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையிலேயே டிராக்டரும் மின்சாரத்தால் ஓடும் கருவிகளும் கொண்டு செய்யும் விவசாயம், வயலில் பூச்சிமருந்து தெளிப்பது, ஆழ்குழாய்க் கிணறு அமைப்பது, பழுதுபார்ப்பது எல்லாம் இடம்பெற்றிருந்தன. அந்த விதிகள் இப்போது 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் ஏழாம் அத்தியாயமாக இருக்கின்றன. அது 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ளது. “அவர் நிரந்தர ஆள் இல்லையே, தினக்கூலிதானே” என்ற வாதமும் செல்லாது. அந்த விலக்கை 2000ஆம் ஆண்டுத் திருத்தமே எடுத்துவிட்டது.

முதலில், மயங்கி விழுந்தவர் விஷயம். சிகிச்சைக்கு ஆன செலவு முழுவதும் உங்கள் பொறுப்பு, அதைச் செய்துவிட்டீர்கள். வேலைக்கு வர முடியாத நாட்கள் மூன்றைத் தாண்டினால் அதற்கும் இழப்பீடு உண்டு. அது மாத ஊதியத்தில் 25 சதவீதம் என்ற அளவில் அரைமாதத் தவணையாகக் கணக்கிடப்படும். அந்தப் பத்து நாளுக்கும் முழுக்கூலியே கொடுத்துவிடுங்கள், தகராறுக்கு இடமிருக்காது. ஆஸ்பத்திரி பில், டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்து டப்பாவின் லேபிள் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். அவர் இரண்டு ஆண்டுகளுக்குள் கோரிக்கை வைக்கலாம்.

விஷயம் இதைவிடப் பெரிதாகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2020 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட 15,000 ரூபாய் மாத ஊதிய உச்சவரம்பை வைத்து, 40 வயதுக்காரருக்குக் கணக்குப் போடுவோம். அந்த வயதுக்குரிய பெருக்கல் எண் 184.17. இறப்பு என்றால் ஊதியத்தில் பாதியான 7,500ஐ அதனால் பெருக்க வேண்டும்: 13,81,275 ரூபாய். நிரந்தரமாக முழுவதும் முடங்கிப்போனால் 60 சதவீதம்: 16,57,530 ரூபாய். ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் 12 சதவீத வட்டி. தாமதத்துக்குத் தக்க காரணம் இல்லையென்றால் பாதி அளவு வரை அபராதமும் சேரும்.

“கையுறை கொடுத்தோம், அவர்தான் போடவில்லை” என்ற பதில் சிறு காயங்களில், வேண்டுமென்றே மீறினார் என்று நிரூபித்தால் மட்டுமே எடுபடும். இறப்பிலும் முழு முடக்கத்திலும் எடுபடாது.

ஊர்ப்பக்கம் வழக்கமாக நடப்பது ஒன்று உண்டு. பெரியவர்களை உட்காரவைத்துப் பேசி, ஒரு தொகையைக் கொடுத்து, “இனி எந்தக் கோரிக்கையும் இல்லை” என்று ஸ்டாம்ப் பேப்பரில் கைநாட்டு வாங்கிவிடுவார்கள். இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. இறப்பு வழக்கில் தொகையை உரிய அதிகாரியிடம்தான் செலுத்த வேண்டும். தமிழ்நாட்டில் இந்த வழக்குகளை விசாரித்து வருபவர் தொழிலாளர் துணை ஆணையர். குடும்பத்தார் கையில் நேரடியாகக் கொடுத்தால், மூன்று மாத ஊதியம் வரையிலான முன்பணம் தவிர மற்றது கணக்கில் வராது. மறுபடியும் கட்ட வேண்டியிருக்கும்.

அடுத்து பையன்கள். 14 வயதுக்குக் குறைந்த பிள்ளை, பள்ளி நேரம் போக, குடும்பத் தொழிலில் ஒத்தாசை செய்யலாம்; தாய்மாமன் தோட்டமும் “குடும்பம்” என்ற வரையறைக்குள் வரும். ஆனால் ஆபத்தான வேலை கூடாது. டிராக்டர், கதிரடிக்கும் மெஷின், தட்டு வெட்டும் மெஷின் பக்கமே 13 வயதுப் பையனை விடாதீர்கள்; களை எடுக்கட்டும், மாட்டுக்குத் தண்ணி காட்டட்டும். 16 வயதுப் பையன் டிராக்டரை ரோட்டுக்கு எடுத்தால் மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ பிரிவின் கீழ் வாகன உரிமையாளருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம். இருவரையுமே மருந்துப் பக்கம் அண்டவிடாதீர்கள்.

தோட்டத்தில் உடனே சரிசெய்ய வேண்டியவை:

1. ரோட்டாவேட்டருக்கும் டிராக்டருக்கும் நடுவில் சுழலும் ஷாஃப்ட்டின் பிளாஸ்டிக் உறையைப் பலர் கிரீஸ் வைக்க இடைஞ்சல் என்று கழற்றி ஓரமாகப் போட்டிருப்பார்கள். துண்டோ முந்தானையோ அதில் சிக்கினால் ஆளையே இழுத்துவிடும். உறையை மாட்டுங்கள். இயந்திரத்தை அஜாக்கிரதையாக வைத்திருப்பதே பாரதிய நியாய சன்ஹிதா 289ஆவது பிரிவின்படி குற்றம். உயிர் போனால் 106ஆவது பிரிவு, ஐந்து ஆண்டு வரை சிறை.

2. மருந்து அடிப்பவருக்குக் கையுறை, முகக்கவசம், முழுக்கை உடை, பயிற்சி ஆகியவற்றை 1971ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகள் கேட்கின்றன. டப்பாவில் சிவப்பு முக்கோணம் இருந்தால் அதுதான் கடும் விஷம். கையுறை, முகக்கவசம் கொடுத்த தேதியை நோட்டில் எழுதி கையெழுத்து வாங்குங்கள்.

3. டிரெய்லரில் ஆட்களை ஏற்றி வருவதை நிறுத்துங்கள். டிராக்டர் பாலிசி பெரும்பாலும் அவர்களுக்குப் பொருந்தாது. வீட்டிலிருந்து வேலைக்கு வரும் வழியில் நடக்கும் விபத்தும், வேலையோடு தொடர்பு இருந்தால், இப்போது பணியிட விபத்தாகவே கருதப்படும்.

4. கூலி ஆட்களுக்கென்று இழப்பீட்டு பாலிசி எடுங்கள். 20 ரூபாய் பிரீமியத்தில் 2 லட்சம் தரும் பிரதமரின் விபத்துக் காப்பீட்டிலும் அவர்களைச் சேர்த்துவிடுங்கள். ஆனால் அது உங்கள் பொறுப்பைக் குறைக்காது. இழப்பீட்டு பாலிசியில் வேலை விவரமாக “விவசாயக் கூலி” என்று மட்டும் எழுத விடாதீர்கள். “டிராக்டர் வேலை, மருந்து தெளிப்பு” என்று குறிப்பிடச் சொல்லுங்கள். க்ளெய்ம் வரும்போது கம்பெனி முதலில் பார்ப்பது அந்த வரியைத்தான்.