எல்வா ஆறும் மீன்களின் காலமும்

ஆற்றைச் சீர்திருத்துதல் என்றவுடன் கரை கட்டுதலும் தூர் வாருதலுமே நம் நினைவுக்கு வரும். எப்பொழுது கருவியைக் கீழே வைத்தல் வேண்டும் என்று அறிவதும் அப்பணியின் ஒரு பகுதியே. இதற்கு அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஓடும் எல்வா ஆற்றை எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

அவ்வாற்றில் 1913-இல் ஓர் அணையும் 1927-இல் மற்றோர் அணையும் மின்சாரத்தின் பொருட்டுக் கட்டி முடிக்கப்பெற்றன. மீன்கள் ஏறிச் செல்ல வழி விடப்படவில்லை. சால்மன் மீனோ நன்னீரில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிடத் தான் பிறந்த ஆற்றுக்கே மீளும் இயல்பினது. கடலிலிருந்து ஏறத்தாழ 8 கிலோமீட்டர் வந்ததும் அதற்குச் சுவர் எதிர்ப்பட்டது. நூறாண்டுக் காலம் இந்நிலை நீடித்தது. 2011 செப்டம்பரில் அணைகளை அகற்றத் தொடங்கி, 2014 ஆகஸ்டில் முடித்தனர்.

இடிப்பதற்கு மூன்றாண்டுகள் எதற்கு என்று பிள்ளைகள் கேட்பர். கேட்க வேண்டிய வினாவே. பெண் மீன் கூழாங்கற்களிடையே வாலால் குழி பறித்து, முட்டையிட்டு மூடுகிறது. கற்களின் இடைவெளியில் ஊடுருவும் நீரே முட்டைக்கு உயிர்க்காற்றைக் கொணர்கிறது. நுண்ணிய வண்டல் அவ்விடைவெளியை அடைத்துவிட்டால் முட்டை மடியும். கலங்கல் மிகுந்தால் வளர்ந்த மீனின் செவுள்களும் புண்படும். அணைகளின் பின்னே தேங்கியிருந்த வண்டலோ 2 கோடி கனமீட்டருக்கு மேற்பட்டது! ஆகவே, மீன்கள் ஆறேறும் காலத்தையும் குஞ்சுகள் கடலுக்கு இறங்கும் காலத்தையும் கருதி, மே, ஜூன் மாதங்களிலும், ஆகஸ்டு முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரையிலும், நவம்பர், டிசம்பரிலும் ஆற்றினுள் இடிப்பதை நிறுத்தி வைத்தனர். இத்துணைக் கவனத்திலும் இடர் வந்தது. குடிநீருக்கும் தொழிற்சாலைக்கும் நீர் எடுக்கும் நிலையத்தை வண்டல் அடைத்தமையால், 2012 அக்டோபர் முதல் ஏறக்குறைய ஓராண்டு மேலணைப் பணி நின்றது.

நீர்த்தேக்கம் வற்றிய வெற்று நிலத்தில் மழை தொடங்கும் இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும் அந்நாட்டுச் செடிகளையே நட்டனர், விதையும் தூவினர். பருமணலில் பல நாற்றுகள் வாடும். லூபின் என்னும் பயறினச் செடி அங்கும் தழைத்து, மண்ணில் தழைச்சத்தைச் சேர்த்தது. மரங்கள் வளர்ந்து நிழல் தந்தால் நீர் குளிரும். வேர் பற்றினால் கரை கரையாது. ஆற்றின் கீழ்ப்பகுதியில், கரையோரம் வாழும் கிளாலம் பழங்குடியினர் அணை அகலுமுன்பே பெருங்கட்டைகளை அடுக்கி நிறுத்தியிருந்தனர். அவற்றின் மறைவில் மடு உண்டாகும். குஞ்சுகள் அங்கே ஒதுங்கும்.

கீழணை அகன்ற 2012-ஆம் ஆண்டிலேயே சினூக் வகைச் சால்மன் அவ்விடத்தைக் கடந்து மேலேறியது.

2011 முதல் அவ்வாற்றில் மீன்பிடித்தல் நிறுத்தப்பட்டிருந்தது. 2023 அக்டோபரில், கோஹோ வகைச் சால்மனைச் சிறிதளவு பிடிக்கப் பழங்குடியினர்க்கு மட்டும் வழி திறந்தது. புலால் மறுத்த நம் இல்லங்களுக்கு இச்செய்தி உவப்பாகாது. எனினும் அதனை மறைத்துப் பாடம் சொல்ல நமக்கு மனமில்லை. மீனையே நம்பி வாழ்ந்த அம்மக்கள் பன்னிரண்டு ஆண்டுகள் வலையை மடித்து வைத்திருந்தனர் என்பதையும் உடன் சொல்லியாக வேண்டும்.