டென்மார்க் பக்கத்தில்தான் இருக்கிறது

கேள்வி: காட்டுப்பள்ளி துறைமுகத்தில் வேலை. டென்மார்க் ஊர்களைச் சுற்றிப் பார்க்க ஆசை, கையில் காசில்லை. பழவேற்காட்டில் இருப்பது டேனிஷ் கல்லறைதானே?

பதில்: இல்லை, அது டச்சுக்காரர்களுடையது. இரண்டையும் குழப்பிக்கொள்பவர் நீங்கள் மட்டுமல்ல. டேனிஷ்காரர்களைப் பார்க்கத் தரங்கம்பாடிக்குப் போங்கள். சிதம்பரம், சீர்காழி வழியாகக் கடலோரமாகவே போய்விடலாம். ரயில் என்றால் மயிலாடுதுறையில் இறங்கிப் பேருந்து பிடியுங்கள்.

1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு அவர்கள் கட்டிய டேனிஷ் கோட்டை இன்றும் கடலைப் பார்த்து நிற்கிறது, உள்ளே அருங்காட்சியகம். 1792-ஆம் ஆண்டு நகர வாயிலில் தொடங்கி ராஜா வீதியில் நடந்தே வாருங்கள், வண்டி வேண்டாம். வழியில் 1718-இல் கட்டிய புதிய எருசலேம் தேவாலயம். கட்டியவர் சீகன்பால்க், 1706-இல் வந்திறங்கி, தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றியவர். அச்சகம் இருந்ததும் இதே ஊரில்தான்.

டேனிஷ்காரர்களுக்கு முன்பே எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலைக் கடல் பெரும்பகுதி தின்றுவிட்டது. என்னைக் கேட்டால், கோட்டையைவிட அதற்கே அதிக நேரம் ஒதுக்குவேன். 1845-இல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டு டேனிஷ்காரர்கள் கிளம்பிவிட்டார்கள்.

வெயிலில் போகாதீர்கள், மார்கழி, தை நல்லது. பழவேற்காட்டு டச்சுக் கல்லறையை ஏதாவதொரு ஞாயிறு மாலை பார்த்துக்கொள்ளலாம், பக்கம்தானே!