தடையா, கணக்கா?

காப்புரிமையை மீறியவர்மீது நீதிமன்றம் அளிக்கக்கூடிய நிவாரணங்களை 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு வகுத்துரைக்கிறது. ஒன்று தடையாணை. மற்றொன்று பணம், அதாவது, வாதி தமக்கு நேர்ந்த நட்டத்தைக் கேட்கலாம், அல்லது பிரதிவாதி அடைந்த இலாபத்திற்குக் கணக்குக் கேட்கலாம். இரண்டையும் சேர்த்துக் கேட்க வழியில்லை.

ஏட்டளவில் தெளிவான இந்த விதி, விசாரணை முடியும்வரை என்ன செய்வது என்ற வினாவில்தான் சிக்கலாகிறது. பஜாஜ் ஆட்டோவுக்கும் டி.வி.எஸ். மோட்டாருக்கும் நடந்த வழக்கைப் பாருங்கள். சிறிய எஞ்சினில் இரண்டு ஸ்பார்க் பிளக்குகளை அமைத்ததற்குப் பஜாஜ் காப்புரிமை பெற்றிருந்தது. டி.வி.எஸ். தனது 'ஃபிளேம்' மோட்டார் சைக்கிளிலும் இரண்டு பிளக்குகளை வைத்தது. ஆயினும் தமது எஞ்சின் மூன்று வால்வுகள் கொண்ட வேறு அமைப்பு என்று வாதிட்டது. 2008 பிப்ரவரியில் சென்னை உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி இடைக்காலத் தடை விதித்தார். 2009 மே மாதம் இரு நீதிபதிகள் அமர்வு அதை நீக்கியது.

அவ்வாண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் நடுவழி ஒன்றைக் கண்டது. டி.வி.எஸ். விற்கலாம், ஆனால் உள்நாட்டு, ஏற்றுமதி விற்பனை அனைத்துக்கும் சரியான கணக்கு வைத்து, உயர்நீதிமன்றம் நியமிக்கும் ரிசீவரிடம் பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை அளிக்க வேண்டும். வாதி வென்றால் பணத்தைக் கணக்கிட ஆதாரம் இருக்கும். தோற்றால் பிரதிவாதியின் தொழிற்சாலை வீணே முடங்கியிராது. என் கருத்தில் இது தடையாணையினும் நேர்மையான ஏற்பாடு.

இத்தகைய வழக்குகள் இடைக்கால மனுக்களிலேயே ஆண்டுகளை விழுங்குவதை அந்த அமர்வு வன்மையாகக் கண்டித்து, 2009 நவம்பருக்குள் தீர்ப்பளிக்கப் பணித்தது. காப்புரிமையின் ஆயுளோ இருபதாண்டுதான். இவ்வழக்கு 2019-இல் சமரசத்தில் முடிந்தது.