ஏணி ஏறும் வகுப்பறை

நுழையுமுன்

ஒரே அறையில் மூன்று வகுப்புக் குழந்தைகள். அவர்களுக்குக் கற்பிக்க ஒரே ஆசிரியர். நம் நாட்டுச் சிற்றூர்ப் பள்ளிகள் பலவற்றின் நிலை இதுவே. இந்நிலையைக் கற்றலுக்கு உகந்த வழியாக மாற்றிக்கொண்ட ஒரு வட்டாரத்தைப் பற்றி இப்பாடத்தில் அறிவோம்.

காட்டோரப் பள்ளிகள்

கருநாடக மாநிலத்தின் மைசூரு மாவட்டத்தில் ஹெக்கடதேவனகோட்டை என்னும் வட்டம் உள்ளது. கபினி ஆறு பாயும் அப்பகுதியை அடுத்து நாகரஹொளெக் காடு பரந்து கிடக்கிறது. காட்டையொட்டிய குடியிருப்புகளில் ஜேனு குருபர், பெட்ட குருபர் முதலிய பழங்குடியினர் வாழ்கின்றனர். கன்னடத்தில் 'ஜேனு' என்றால் தேன். 'பெட்ட' என்றால் மலை. தொழிலும் இடமும் அவர்தம் பெயர்களிலேயே விளங்குகின்றன.

இத்தகைய ஊர்களில் பெற்றோர் பலர் குடகுக் காப்பித் தோட்டங்களுக்கு வேலை தேடிச் செல்வதுண்டு. சிறுவர்களும் உடன் செல்ல நேரும். அவ்வாறு சென்று, ஒரு மாதம் கழித்துத் திரும்பும் ஒரு சிறுமியை எண்ணிப் பாருங்கள். அவள் சென்றபோது வகுப்பு நான்காம் பாடத்தில் இருந்தது. திரும்பியபோது ஒன்பதாம் பாடம் நடக்கிறது. இடையிலுள்ள பாடங்களை அவளுக்கு யார் கற்பிப்பர்? ஆசிரியர் கேட்கும் வினாவுக்கு அவளிடம் விடையில்லை. பிறர் நகைக்கின்றனர். மறுநாள் பள்ளிக்குச் செல்ல அவளுடைய கால்கள் தயங்குகின்றன. சில நாட்களில் அவள் பள்ளியையே மறந்துவிடுகிறாள். பாடம் அவளுக்காகக் காத்திருக்கவில்லை. பிழை அவளுடையதும் அன்று.

நலி கலி

இச்சிக்கலுக்குத் தீர்வு காண, 1995ஆம் ஆண்டு ஹெக்கடதேவனகோட்டை வட்டத்தில் யுனிசெப் நிறுவனத்தின் துணையுடன் ஒரு முயற்சி தொடங்கியது. ஆந்திரப் பிரதேசத்தின் மதனப்பள்ளி அருகிலுள்ள ரிஷி வேலியில், பத்மநாப ராவ், ரமா இணையர் ஊரகக் குழந்தைகளுக்காகப் புதிய கற்பித்தல் முறையொன்றை வளர்த்திருந்தனர். அதன் கற்றல் அட்டைகளும் கருவிகளும் அடங்கிய தொகுப்பு 'பெட்டிக்குள் பள்ளி' என்னும் பொருள்படும் பெயரால் அறியப்பட்டது. ஹெக்கடதேவனகோட்டை ஆசிரியர்கள் ரிஷி வேலிக்குச் சென்று அதனைக் கண்டறிந்தனர்; தம் பள்ளிகளுக்கேற்ற பாடல்களையும் கதைகளையும் அட்டைகளையும் உருவாக்கினர். அம்முறைக்கு 'நலி கலி' என்னும் பெயர் வழங்கலாயிற்று.

தமிழில் 'நலி' என்றால் வாடுதல், மெலிதல். கன்னடத்திலோ மகிழ்ந்தாடுதல் என்று பொருள். 'கலி' என்பது நம் 'கல்' என்னும் வினைச்சொல்லுக்கு உறவானது. எனவே, 'நலி கலி' என்பது 'மகிழ்ந்து கல்' எனப் பொருள்படும்.

ஏணியும் பந்தலும்

நலி கலி வகுப்பறையில் குழந்தைகள் வட்டவட்டமாக அமர்கின்றனர். சுவரில் கற்றல் ஏணி தொங்குகிறது. மொழிப்பாடமும் கணக்கும் சிறுசிறு படிகளாகப் பகுக்கப்பட்டு, ஒவ்வொரு படிக்கும் ஓர் அட்டை அமைந்துள்ளது. குழந்தை தான் நிற்கும் படியை ஏணியில் கண்டு, அதற்குரிய அட்டையைத் தானே எடுத்து வருகிறது. சில குழந்தைகளுக்கு ஆசிரியர் உடனிருந்து கற்பிக்கிறார். சிலருக்கு அவ்வப்போது உதவுகிறார். சிலர் தோழர் துணையுடன் கற்கின்றனர். மற்றவர் தாமே பயில்கின்றனர்.

குழந்தைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை உண்டு. தலைக்கு மேலே கயிறு கட்டி, அவர்கள் வரைந்த படங்களைத் தொங்கவிடுகின்றனர். அதற்குச் 'சப்பர' என்று பெயர். பந்தல் என்பது பொருள். அன்றைய வானிலையைக் குழந்தைகளே அட்டவணையில் குறிக்கின்றனர்.

எழுத்தறிமுகமும் அகரவரிசையில் நிகழ்வதில்லை. எளிதில் எழுதக்கூடிய ர, க, ஸ, த, அ ஆகிய கன்னட எழுத்துகள் முதலில் வருகின்றன. அவற்றைக் கொண்டே 'அரஸ', 'ஸர' எனச் சொற்களைப் படித்துவிடலாம். இவை தமிழின் அரசன், சரம் ஆகியனவே. தமிழிலும் ட, ப, ம ஆகிய எழுத்துகளையும் மெய்யெழுத்தின் புள்ளியையும் அறிந்த குழந்தை, படம், மடம், பட்டம் எனப் படிக்கத் தொடங்கிவிடும்.

இனி, குடகிலிருந்து திரும்பும் அச்சிறுமியை மீண்டும் எண்ணிப் பாருங்கள். அவள் ஏணியைப் பார்க்கிறாள். தான் விட்டுச்சென்ற படி அங்கேயே இருக்கிறது. அதற்கடுத்த அட்டையை எடுத்துக்கொண்டு தன் வட்டத்தில் அமர்கிறாள். சில வாரங்களில், தான் கடந்த படியில் தடுமாறும் இளையவனுக்கு அவளே வழிகாட்டவும் கூடும். அதுவே அவ்வகுப்பறையின் சாதனை. அதற்குப் பதக்கமோ மேடையோ தேவையில்லை.

பரவிய முறை

ஒரு வட்டத்தில் தொடங்கிய நலி கலி, 2009-10ஆம் கல்வியாண்டில் கருநாடகம் முழுவதிலும் உள்ள கன்னடவழி அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவடைந்தது. ரிஷி வேலியில் ஏற்றிய அதே விளக்கிலிருந்து தமிழகமும் ஒளிபெற்றது. 2003ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கிய 'செயல்வழிக் கற்றல்', பின்னர் மாநிலமெங்கும் பரவியது.

எனினும் இம்முறை எளிதன்று. அட்டைகள் கிழிந்தால் உடனே மாற்ற வேண்டும். குழந்தைகளின் எண்ணிக்கை மிகுந்தால் ஒவ்வொருவரின் படியையும் கவனிப்பது ஆசிரியருக்குக் கடினமாகும். ஏணியைச் சுவரில் மாட்டினால் மட்டும் போதாது. ஏறுவோரைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்களும் வேண்டும்.

பெற்றோரின் பணிமாற்றத்தால் ஊர்விட்டு ஊர் செல்லும் மாணவர்களே! உங்கள் தமிழ் வகுப்பும் இத்தகையதே. ஒருவர் சரளமாகப் பேசுவார்; எழுத்தறியார். மற்றொருவர் எழுத்துக்கூட்டிப் படிப்பார், பேசத் தயங்குவார். எட்டாம் வகுப்பில் 'அ' எழுதத் தொடங்குவது இழுக்கன்று. நிற்கும் படி எதுவெனத் தெரிந்தால், அடுத்த படி கண்ணுக்குத் தெரியும்.

பயிற்சிகள்

அ) பொருள் அறிக
வட்டம் – மாவட்டத்தின் உட்பிரிவு
இணையர் – கணவன் மனைவியர்
இழுக்கு – குறை, இகழ்ச்சி

ஆ) விடை எழுதுக
1. 'நலி' என்னும் சொல் தமிழிலும் கன்னடத்திலும் எவ்வாறு பொருள் வேறுபடுகிறது?
2. திரும்பி வந்த சிறுமிக்குப் பழைய வகுப்பறையிலும் நலி கலி வகுப்பறையிலும் நேர்வனவற்றை ஒப்பிட்டு எழுதுக.
3. எழுத்துகளை அகரவரிசையில் கற்பதன் நன்மை யாது? எளிய எழுத்துகளில் தொடங்குவதன் நன்மை யாது? உம் கருத்தை ஐந்து வரிகளில் எழுதுக.

இ) மொழியோடு விளையாடு
தமிழ்ச் சொல்லின் முதலிலுள்ள பகரம் கன்னடத்தில் பெரும்பாலும் ஹகரமாக மாறும். பின்வரும் கன்னடச் சொற்களுக்கு உரிய தமிழ்ச் சொற்களைக் கண்டுபிடிக்க: ஹாலு, ஹூவு, ஹல்லு, ஹத்து.

ஈ) செய்து பார்
உமக்குத் தெரிந்த பத்துத் தமிழ்ச் சொற்களை எளிமையிலிருந்து கடினம் நோக்கி வரிசைப்படுத்தி, ஓர் ஏணிப்படம் வரைக. உம்மைவிட இளைய ஒருவரை அதில் ஏறச் செய்க. அவர் எந்தப் படியில் தயங்கினார், நீர் எவ்வாறு உதவினீர் என்பதை வகுப்பில் கூறுக.