பிங் வந்தால் போதுமா?

பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் எங்கோ இருக்கும் சர்வரை ரீபூட் செய்யச் சொன்னால், அடுத்த நொடியே பிங்கை ஓடவிடுகிறார்கள். பதில் வந்ததும் "வந்துருச்சு சார்" என்கிறார்கள். வீடியோக்களில் அப்படித்தான் பார்த்திருக்கிறார்கள். மேலாளரும் போனில் "பிங் வருதா?" என்றுதான் கேட்கிறார்.

1983இல் மைக் மூஸ் பிங்கை எழுதியது நெட்வொர்க் கோளாறைக் கண்டுபிடிக்க. அதற்குப் பதில் சொல்வது கெர்னல். டேட்டாபேஸ் விழுந்து கிடந்தாலும் அது பாட்டுக்குப் பதில் சொல்லும். விண்டோஸ் ஃபயர்வால் மறித்துவிட்டாலோ, நன்றாக ஓடும் கணினிகூடச் செத்ததாகத் தெரியும். டிஹெச்சிபி உள்ள இடத்தில், பழைய ஐபியிலிருந்து பதில் சொல்வது வேறொரு கணினியாகவும் இருக்கலாம். இதையெல்லாம்விட மோசம், ரீபூட் கட்டளைக்குப் பிறகும் கணினி இறங்க நேரமாகும் என்பது. ஓர் இரவு பிங் பதிலை நம்பி வீட்டுக்குப் போய்விட்டேன். காலையில் பார்த்தால் சர்வர் அணையவே இல்லை. தொங்கிப்போன ஓர் என்எஃப்எஸ் மவுண்டுக்காகக் காத்து நின்றது. அன்றிலிருந்து எனக்குப் பிங் மேல் ஒரு காழ்ப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

போர்ட் 22ஐயோ 3389ஐயோ தட்டிப் பார்ப்பது கொஞ்சம் மேல். ஆனால் இறங்காத கணினியும் கதவைத் திறக்கும். நாகியோஸ் போன்றவை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்ப்பதாக அமைத்திருந்தால், இரண்டு நிமிடத்தில் போய்வந்த கணினியைக் கவனிக்கவே கவனிக்காது.

என் கட்சி பூட் ஐடி. லினக்ஸில் ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் அது மாறும். முன்னால் ஒன்றைக் குறித்துக்கொண்டு, பின்னால் ஒப்பிட்டால் தீர்ந்தது. விண்டோஸில் கடைசி பூட் நேரம். பிறகு டேட்டாபேஸிடமே ஒரு கேள்வி கேளுங்கள். ஐபிஎம்ஐ கன்சோல் இருந்தால் விடாதீர்கள். எஃப்எஸ்சிகே பாதியில் நின்று பதிலுக்குக் காத்திருப்பதை அங்கேதான் பார்க்க முடியும்.

அன்சிபிளின் ரீபூட் மாட்யூல், நாம் மாற்றாவிட்டால், 600 நொடி வரை காத்திருக்கும். மனிதர்களால் அது முடிவதில்லை. இந்த வேலைக்கு அறிவைவிடப் பொறுமைதான் முதலில் வேண்டும். கை பரபரக்கிறவர்கள் புரோகிராமிங் பக்கம் போகலாம், அதில் அவமானம் ஒன்றுமில்லை. அப்பா சொன்னார் என்று அட்மின் கோர்ஸில் சேர்ந்தவனை எனக்கு உடனே தெரிந்துவிடும். மூன்றாவது நிமிடத்தில் பவரை ஆஃப் செய்து ஆன் செய்வான். சர்வர் அப்போதுதான் ரேம் முழுவதையும் சோதித்து முடித்து டிஸ்க்கைத் தொட்டிருக்கும்.