பகடை கேட்க வைத்த கேள்வி

நிகழ்தகவுப் பாடத்தில் பகடையைக் காட்டி, "6 விழுவதற்கான நிகழ்தகவு என்ன?" என்று கேட்போம். மாணவர்கள் 1/6 என்பார்கள். விடை சரிதான். ஆனால் 6 விழுந்தாலும் விழாவிட்டாலும் அவர்களுக்கு எதுவும் ஆகப்போவதில்லை. அதனால் அக்கறையும் இருப்பதில்லை. இந்த ஆண்டு ஒன்பதாம் வகுப்பில், கதாபாத்திரமாக நடித்து ஆடும் விளையாட்டு ஒன்றின் விதிகளைக் கொண்டு இப்பாடத்தை நடத்தினேன்.

விளையாட்டும் விதியும்

'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டை அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் உருவாக்கினர். 1974இல் அது வெளிவந்தது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி முடிவெடுப்பார்கள். பாத்திரத்துக்கு ஆறு திறன்கள் உண்டு: வலிமை, லாவகம், உடலுறுதி, அறிவு, விவேகம், பிறரை ஈர்க்கும் ஆற்றல். தொடக்ககால விதிப்படி ஒவ்வொரு திறனுக்கும் மூன்று பகடைகளை உருட்டிக் கூட்ட வேண்டும். 3 முதல் 18 வரை எதுவும் வரலாம்.

மாணவர்கள் உருட்டினார்கள். அதிகம் பேசாத ஒரு மாணவிக்கு வலிமை 5. பக்கத்தில் இருந்தவளுக்கு 16. "டீச்சர், நான் ஒண்ணுமே பண்ணல. எனக்கு மட்டும் ஏன் 5?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விதான் பாடமாயிற்று. வகுப்பை ஆறு குழுக்களாகப் பிரித்தேன். முதல் பகடையின் எண்ணைக் குழுவுக்கு ஒன்றாக நிலையாக வைத்து, மீதி 36 விளைவுகளை எழுதச் சொன்னேன். கரும்பலகையில் 216 விளைவுகளும் சேர்ந்தன. 5 அல்லது அதற்குக் கீழே வர 10/216. 16 அல்லது அதற்கு மேலே வரவும் அதே 10/216. 9 முதல் 12 வரை வர 104/216, அதாவது ஏறத்தாழ பாதி. பெரும்பாலோருக்கு ஏன் நடுத்தர எண்களே வந்தன என்பதை அவர்களே சொன்னார்கள்.

"எல்லாருக்கும் ஒரே எண்களைக் கொடுத்துட்டு, எதுக்கு எதை வைக்கணும்னு எங்களையே முடிவு பண்ண விடுங்க" என்றாள் அதே மாணவி. அந்த விளையாட்டிலும் பின்னாளில் அப்படியொரு வழி வந்தது. 2014ஆம் ஆண்டுப் பதிப்பில் 15, 14, 13, 12, 10, 8 என்ற ஆறு எண்களை விரும்பியபடி பங்கிட்டுக்கொள்ளலாம். எவர் பங்கிட்டாலும் கூட்டுத்தொகை 72தான். அவள் வலிமைக்கு 8, பிறரை ஈர்க்கும் ஆற்றலுக்கு 15 வைத்தாள்.

முயற்சிக்கும் ஒரு கணக்கு

செயலில் இறங்கும்போது இருபது பக்கப் பகடையை உருட்ட வேண்டும். எங்களிடம் அது இல்லை. 1 முதல் 20 வரை எழுதிய சீட்டுகளை டப்பாவில் போட்டுக் குலுக்கினோம். எடுத்த சீட்டை மறுபடி உள்ளே போட வேண்டும், இல்லையெனில் நிகழ்தகவு மாறிவிடும். திறன் 15 என்றால் எடுத்த எண்ணுடன் 2 கூட்ட வேண்டும். 8 என்றால் 1 கழிக்க வேண்டும். நடுத்தரமான கடினம் உள்ள செயலுக்கு 15 எட்ட வேண்டும். அப்படியானால் திறன் 15 உள்ளவருக்கு வாய்ப்பு 8/20, திறன் 8 உள்ளவருக்கு 5/20. குறைந்த திறன் வாய்ப்பைக் குறைக்கிறதே தவிர, இல்லாமல் ஆக்குவதில்லை.

எங்கள் கதையில் ஊருக்குள் வெள்ளம் வருகிறது. வீட்டைவிட்டு வர மறுக்கும் பாட்டியை அந்த மாணவி பேசி அழைத்துவர வேண்டும். எழுந்து நின்று பேசினாள். சீட்டில் வந்தது 9. கூட்டினால் 11, போதவில்லை. வழக்கமாக விடை தவறினால் "எனக்குக் கணக்கு வராது டீச்சர்" என்று உட்கார்ந்துவிடுபவள், அன்று "தோற்கத்தான் 12/20 இருந்துச்சே. வேற மாதிரி பேசிப் பாக்கறேன்" என்றாள்.

செய்து பார்க்க விரும்புவோருக்கு

இரண்டு பாடவேளைகள் தேவைப்படும். பாத்திரங்களுக்கு மாணவர்களின் சொந்தப் பெயரை வைக்க வேண்டாம். திறன் எண்ணை எந்தக் குழந்தையின் உண்மைத் திறனோடும் ஒப்பிட வேண்டாம். கதையில் வெற்றி பெற்றதற்கு மதிப்பெண் தராதீர்கள். சீட்டை எடுக்கும் முன் வாய்ப்பைப் பின்னமாகச் சொல்ல வேண்டும் என்பதை மட்டும் கட்டாயமாக்குங்கள். கணக்கு அங்கேதான் நடக்கிறது.