குவாசர்களின் பரப்பும் அதனை ஆராயும் முறையும்

தொலைநோக்கியில் விண்மீனே போல் ஒரு புள்ளியாய்த் தோன்றி, உண்மையில் விண்மீன் அல்லாத ஒளிப்பொருள்கள் சில உள. அவை குவாசர் எனப்படும். தொலைவிலுள்ள விண்மீன் மண்டலமொன்றின் நடுவே பெரிய கருந்துளை இருக்க, அதனை நோக்கி வீழும் வாயு சுழன்று சூடேறி, அம்மண்டலத்து விண்மீன்கள் அனைத்தினும் மிக்கு ஒளிர்தலே குவாசரின் இயல்பாம்.

1963-ஆம் ஆண்டில் மார்ட்டென் ஷ்மித் என்னும் அறிஞர், 3சி 273 என்பதன் நிறமாலைக் கோடுகள் செந்நிறப் பக்கமாக ஏறத்தாழ நூற்றுக்கு 16 பங்கு பெயர்ந்திருத்தலைக் கண்டு, அது நம் விண்மீன் மண்டலத்திற்கு நெடுந்தொலைவு அப்பாலது எனத் துணிந்தார். அப்பெயர்ச்சியே தொலைவை அறியும் கோலாயிற்று. அமெரிக்க நாட்டு நியூ மெக்ஸிகோவிலிருந்து நிகழ்ந்த ஸ்லோன் வானளவையின் 2020-ஆம் ஆண்டுப் பட்டியலில் 7 லட்சத்து 50 ஆயிரத்திற்கு மேற்பட்ட குவாசர்கள் அடங்கியுள்ளன. ஏறத்தாழ 1000 கோடி ஆண்டுகட்கு முன் அவை மிக்கிருந்து, பின்னர் அருகின என்பது இத்தகைய அளவைகளாற் புலனாகும். இனி, அவை வானவெளியில் எங்ஙனம் பரவியுள்ளன என நோக்குவாம்.

2013-இல் ரோஜர் குளோவ்ஸ் முதலியோர், 73 குவாசர்கள் கூடி 400 கோடி ஒளியாண்டு நீண்டதொரு தொகுதியைக் கண்டதாக உரைத்தனர். அது மெய்யாயின், பேரளவில் நோக்குங்கால் பிரபஞ்சம் எங்கும் ஒரு தன்மைத்து என்னும் கொள்கை தளரும். அதன்மேல் நிற்கும் கணக்குகள் பலவும் ஐயத்திற்கிடமாகும்.

ஆயின், முற்றத்தில் வாரியிறைத்த அரிசியும் சிலவிடத்து நெருங்கியும் சிலவிடத்து அருகியும் கிடத்தலை நாம் அறிவோம். அந்நெருக்கம் எவரும் வகுத்ததன்று. குறித்த தூரத்துள் அடுத்துள்ளவற்றை ஒன்றோடொன்று தொடுத்துச் செல்வதே தொகுதி காணும் முறை. தற்செயலாகத் தூவிய புள்ளிகளிலும் அம்முறை அத்துணைப் பெருந்தொகுதிகளைக் காட்டுமென, அவ்வாண்டே சேஷாத்ரி நடாதூர் கணினி கொண்டு விளக்கினார்.

ஆகவே, குவாசர்களை இரண்டிரண்டாக இணைத்தெண்ணி, தற்செயற் புள்ளிகளின் இணைகளோடு ஒப்பிட்டு, எஞ்சும் மிகுதியையே உண்மையெனக் கொள்ளல் வேண்டும். 2017-இல் ஸ்லோன் அளவையினர் ஏறத்தாழ 1 லட்சத்து 47 ஆயிரம் குவாசர்களை இவ்வாறு ஆராய்ந்தனர். இக்கால அளவில் சுமார் 50 கோடி ஒளியாண்டு இடைவெளியுள்ள இணைகள் சற்றே மிக்கிருந்தன. இஃது இளம்பருவப் பிரபஞ்சத்திற் பரவிய ஒலியலைகளின் சுவடாகும்.

பெரியதோர் உருவத்தை ஐயுறச் செய்த ஒப்பீடே, கண்ணுக்குத் தோன்றாத சிறியதொரு மிகுதியை நிலைநாட்டிற்று. எத்துறையினும் ஓர் ஒழுங்கைக் கண்டவிடத்து, ‘இது தற்செயலாகவும் தோன்றுமோ?’ என முதற்கண் வினவுதல் மாணாக்கராகிய நமக்குக் கடனாம்.